மூணு சீட்டில் ராணி எங்கே?

மாசி மாசம் தஞ்சாவூர் பக்கம் ஒரு ட்ரிப் அடிச்சுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்! பெரிய கோயிலைப் பார்த்துட்டு, ஜன்னலோர சீட் பிடிச்சு கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் சுமார் 40 கி.மீ. வழியெல்லாம் சம்பா அறுத்த வயல், வைக்கோல் போர். மாசி மகத்தன்று மகாமகக் குளக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. (12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக நடந்தது 2016-ல். அடுத்தது 2028!)

அறுவடை முடிந்து கையில் காசு, ஊர் நிறையக் கூட்டம்... 'மூணு சீட்டு' பார்ட்டிகளுக்கு வேறென்ன வேணும்? நம்ம ஊர்த் திருவிழாக்களில் அவங்க சாக்கு விரிப்பது இன்னிக்கு நேத்து கதையில்லை.

ஆட்டம் சிம்பிள். மூணு சீட்டு, அதில் ஒண்ணு ராணி. கவிழ்த்துப் போட்டு இடம் மாத்துவாங்க. ராணியைத் தொட்டால் காசு டபுள்!

சூட்சுமம் என்னன்னா... ஒரே கையில் ரெண்டு சீட்டு, மேலும் கீழுமா. கீழே இருப்பது ராணி. அதுதான் முதலில் விழும்னு உங்க கண் நம்பும். ஆனா நழுவி விழுறது மேல் சீட்டு! அப்புறம் நீங்க எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறீங்களோ, அவ்வளவு உறுதியா தப்பான சீட்டையே துரத்துவீங்க.

குருட்டாம்போக்கில் சரியான சீட்டைத் தொட்டுட்டால்? பக்கத்தில் நிற்கும் 'வாடிக்கையாளர்' வேற சீட்டில் பெரிய நோட்டை வைப்பார். 'பெரிய பந்தயம்தான் செல்லும்'னு உங்க காசைத் தள்ளிடுவாங்க. அவர் யாருன்னு நினைச்சீங்க? அவங்க ஆளேதான்!

இது உலகம் சுற்றிய வித்தை. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரயிலிலும் நீராவிப் படகிலும் 'கனடா பில்' என்ற எத்தன் இதிலேயே பிழைத்தார். பிரெஞ்சு மேஜிக் மேதை ராபர்ட் ஹூடின், சீட்டாட்டத் தில்லுமுல்லு பற்றிய தன் 1861 புத்தகத்தில் குட்டை உடைத்தார். 1902-ல் வந்த எர்ட்னேஸின் புத்தகமும் இதைப் படிப்படியாகச் சொல்கிறது. மேஜிக் பழகுறவங்களுக்கு இன்னிக்கும் அது பாடப்புத்தகம்!

மேடையில் இதே விரல் ஜாலத்துக்குக் கைதட்டலாம். ஏமாறத்தான் டிக்கெட் எடுத்தோம். சாக்கின் மேல் போவதோ, சேற்றில் நாற்று நட்டவங்களின் கூலி. நாள் முழுக்கக் குனிந்து சம்பாதிச்சது மூணே நிமிஷத்தில் காலி!

ஹாஸ்டலில் கண்ணாடி முன்னால் பழகுங்க, அசத்துங்க. பந்தயம் மட்டும் வேண்டாம். 1930-ம் வருஷத்து சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கு. அந்தக் காசுக்கு சூடா ஒரு கும்பகோணம் டிகிரி காபி அடிங்க!