ஆகாயத்தில் இரண்டு மணி

மும்பைக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,030 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பிரயாணம். 1932 அக்டோபரில் முதல் தபால் விமானம் பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாள்தான் சென்னை சேர்ந்தது. அபார முன்னேற்றந்தான்!

ஆனால் கணக்குப் போடுகிறவர்கள் மீனம்பாக்கத்தோடு உலகத்தை முடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து ஆரணி, போளூர் வழியாக நமது கலசப்பாக்கத்துக்கு வர நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

தறியை விட்டு மும்பைக்குப் பிழைக்கப் போன நம் பழைய மாணாக்கர் ஒருவர், தாயாருக்கு உடம்பு மோசம் என்று கேட்டு, சென்ற ஆண்டு விமானமேறி வந்தார்.

"ஆகாயத்தில் மனசு தைரியமாகவே இருந்தது, ஸார். ஆரணியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் அழுதுவிட்டேன்" என்றார் நம்மிடம்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தாயாருக்கு நினைவு இருந்தது. மகனை அடையாளம் கண்டுகொண்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம்.