மே மாதத்தில் ஐரோப்பா: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

ஐரோப்பா என்றதும் பனிமலையும் ஈஃபில் கோபுரமும் கண்ணில் நிற்கும். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் அங்கே போகிறோம். அத்தனை செலவு செய்தும், வீட்டுத்தலைவி மட்டும் அங்கேயும் சமையலும் துணி துவைப்புமாக இருந்துவிட்டுத் திரும்பினால் என்ன பிரயோஜனம்? எழுபது வயது மாமியார், எட்டு வயது மகள் சகிதம் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் போய் வந்ததில், உண்மையிலேயே உபயோகப்பட்ட விஷயங்களைச் சொல்கிறேன்.

எப்போது போகலாம்?

நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை, அவர்களுக்கு வசந்தகாலம். மே மாதம் நமக்கு ரொம்பவே சௌகரியம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அதிகம், ஹோட்டல் வாடகையும் அதிகம். வெயிலும் லேசுப்பட்டதல்ல. 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி கொளுத்தியது. பல வீடுகளிலும் சிறிய ஹோட்டல்களிலும் ஏ.ஸி. கிடையாது. மே மாதத்தில் பாரிஸில் பகலில் 20 டிகிரி, இரவில் 10 டிகிரி என்கிற அளவில் இதமாக இருக்கும். ஒரு ஸ்வெட்டரும் குடையும் போதும்.

ஒரு எச்சரிக்கை: சுவிட்சர்லாந்தில் சில ரோப் கார்களை ஏப்ரல், மே மாதங்களில் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். போகும் மலைக்கு அந்தத் தேதியில் வண்டி உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மே 1 அன்று பாரிஸின் லூவர் மியூசியம் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமைகளிலும் அதற்கு விடுமுறை.

விசாவுக்கு அவசரப்படுங்கள்

ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குப் போகலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் சேராது. அவற்றுக்குத் தனி விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டுக்கு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் வந்த பிறகு எல்லோருமாக முண்டியடிப்பார்கள், நேரம் கிடைக்காது. ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். 2024 ஜூன் மாதம் உயர்த்திய கட்டணப்படி பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டாயம். பெரியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வியாதிகளுக்கும் அந்தப் பாலிசி பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். அம்மா மட்டும் குழந்தையோடு போவதானால், அப்பாவின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.

மூன்று ஊர் போதும்

பத்து நாளில் ஏழு நாடு என்று ஆசைப்பட்டால், பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே பொழுது போய்விடும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை! நாங்கள் பாரிஸில் நான்கு இரவு, லூசர்ன் நகரில் நான்கு இரவு, ரோமில் மூன்று இரவு என்று வைத்துக்கொண்டோம். பாரிஸில் இறங்கி, ரோமிலிருந்து விமானம் ஏறும்படி டிக்கெட் வாங்கினால், வந்த வழியே திரும்பிப் போகும் செலவு மிச்சம். இடையில் ரயில் பயணம்தான் சுகம்.

அறை பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. பாரிஸின் மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு பஸ்தான் நல்லது. தாழ்வான படி, வேடிக்கை பார்த்துக்கொண்டும் போகலாம். தெருக்களில் கருங்கல் பாவியிருப்பார்கள். புடவை கட்டினாலும் காலில் ஷூ, சாக்ஸ் அவசியம். ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் புடவைக்கும் சுடிதாருக்கும் அங்கே கவலையே இல்லை.

சாப்பாட்டு மூட்டை

நெய், பால்கோவா, பேடா எதுவும் எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை உண்டு. கறிவேப்பிலையும் கூடாது. கைக்குழந்தையின் பால் பவுடருக்கு மட்டும் ஆளுக்கு 2 கிலோ வரை விலக்கு. கடைப் பாக்கெட்டாக, குளிர்சாதனம் தேவைப்படாததாக இருக்க வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை இருந்தால் போதுமே. புளிக்காய்ச்சலை விமானத்தில் போடும் பெரிய பெட்டியில் வையுங்கள்.

சின்ன சமையலறையோடு கூடிய வீடு கிடைத்தால் காலை உணவும் இரவு மோர் சாதமும் கவலையில்லை. பாலும் தயிரும் எங்கும் கிடைக்கும். ஆனால் சுவிட்சர்லாந்தில் ஞாயிறு என்றால் பெரிய ரயில் நிலையக் கடைகள் தவிர மற்றவை அநேகமாக மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பிரான்ஸ் ஹோட்டல்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள். ரோமில் தெருவுக்குத் தெரு குடிதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுப்பானேன்?

சைவக்காரர்களுக்கு ஒரு சேதி: இத்தாலியின் அசல் பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். பாரிஸில் நம் சாப்பாட்டுக்கு ஏக்கம் வந்தால், வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த லா ஷாப்பல் பகுதிக்குப் போங்கள். இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்ப் பலகையைப் பார்த்ததும் என் மாமியாருக்கு வந்த தெம்பைச் சொல்லி முடியாது.

உடம்பு முக்கியம்

மே மாதக் கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. "இன்னும் பொழுதே சாயலையே, அதுக்குள்ள ராத்திரிச் சாப்பாடா?" என்று முதல் நாள் தள்ளிப்போட்டார். எட்டரை மணிக்கு வியர்த்துக் கை நடுங்கியது. கைப்பையில் இருந்த குளுக்கோஸ் காப்பாற்றியது. அன்று முதல் வானத்தைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்தே சாப்பாடும் மாத்திரையும். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மாத்திரை வேளைகளை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் சாமான் அறையில் உறைந்து கெடலாம். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். எந்த நாட்டிலும் அவசர உதவிக்கு 112. மருந்துக் கடைக்குப் பச்சை நிறச் சிலுவை அடையாளம்.

யுங்ஃபிராவ் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிதாக இருக்கும். இதய நோய்க்காரர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம். நாங்கள் 1,798 மீட்டர் உயர ரிகி மலையோடு நிறுத்திக்கொண்டோம். 1871-ல் ஓடத் தொடங்கிய அந்தப் பல்சக்கர ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். நம் ஊட்டி ரயிலின் பல்தண்டவாள முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட்டும் சுவிஸ்காரரே. "ஊட்டியாட்டமே இருக்கு!" என்று மாமியார் சொன்னது சரிதான்.

கூட்டமான மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் துணிப் பையில் வைத்து இடுப்பில் உள்ளாகக் கட்டுங்கள். கனமான நகை வீட்டு லாக்கரிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பயணத் திட்டத்தில் உங்கள் பெயருக்கென்று அரை நாள் எழுதுங்கள். லூசர்னில் என் கணவர் பாட்டியையும் பேத்தியையும் போக்குவரத்து மியூசியத்துக்கு அழைத்துப் போனார். நான் 1993-ல் தீப்பிடித்து, மறு வருஷமே புதுப்பிக்கப்பட்ட மரப்பாலத்தின் பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் காப்பி கலக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு டிக்கெட் கிடையாது, சகோதரிகளே. ஆனால் அதையும் ஜனவரியிலேயே வீட்டில் சொல்லி வைத்துவிட வேண்டும்!