லாரிச் சாரத்தியம்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

உலகில் மக்கள் மேற்கொள்ளும் தொழில்கள் எண்ணிறந்தன. அவற்றுள் சில, செய்வோர்க்கு மதிப்பை அளிப்பன. வேறு சில, பயனை மட்டும் உலகுக்கு அளித்துச் செய்வோரை மறைத்துவிடுவன. நாம் உண்ணும் அரிசியும் பருப்பும், வீடு கட்டும் சிமெண்டும் கம்பியும் நம் ஊருக்கு எங்ஙனம் வந்தன என்று எவரும் வினவுவதில்லை. எவனோ ஒருவன் இராமுழுதும் கண்விழித்து அவற்றைக் கொணர்ந்தான் என்பதே அதற்கு விடையாகும். அத்தொழிலிற் புகுந்து பழகிய வரலாற்றை நம் கல்லூரி மலருக்கு எழுதுமாறு என் ஆசிரியர் ஒருவர் பணித்தமையால் இச்சிறு கட்டுரையை வரையலானேன்.

நான் நம் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் பயின்று 2016-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றேன். என் ஊர் நாமக்கல்லை அடுத்தது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளாற் பெயர்பெற்ற பகுதியாதலின், சம்மட்டியோசை கேட்டே வளர்ந்தேன். என் தந்தையார் முப்பதாண்டுகள் லாரி ஓட்டியவர். ஆயினும் என்னை ஒருநாளேனும் ஸ்டியரிங்கைத் தொடவிட்டவரல்லர். ‘இந்தப் பாடு என்னோடு போகட்டும்’ என்பது அவர் வாய்மொழி. நீரிழிவால் அவர் கண்பார்வை மங்கிற்று. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய மருத்துவச் சான்று கிட்டவில்லை. தங்கையின் படிப்பு நடுவே நின்றது. வட்டிக்கு வாங்கிய கடன் வளர்ந்தது. ஓராண்டு உத்தியோகந் தேடி அலைந்தபின், 2017-இல் ஒரு லாரியிற் கிளீனராகச் சேர்ந்தேன். அன்றுமுதல் தந்தையார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தாயாரோ, ‘டிரைவருக்கு யாரப்பா பெண் கொடுப்பார்கள்?’ என்று கலங்கினார்.

இத்தொழிலிற் புக விரும்புவோர் அறியவேண்டிய சட்டம் சிறிதளவே. சரக்கு லாரி முதலிய போக்குவரத்து வண்டிகளை ஓட்ட லைசென்ஸ் பெறுவோர்க்கு இருபது வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இலகு வண்டிக்குரிய லைசென்ஸை ஓராண்டேனும் வைத்திருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. இவையெல்லாம் வாயிலைத் திறப்பன மாத்திரமே. தொழிலைக் கற்பிப்பது கிளீனர் வேலை. புறப்படுமுன் டயர்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையாற் காற்றின் அளவை அறிதல். மழைநீர் புகாதபடி தார்ப்பாயை மடித்துக் கயிற்றை முறுக்கிக் கட்டுதல். மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்திற்குக் கட்டை இடுதல். பின்னோக்கிச் செல்லுங்கால் சாரதிக்குக் கண்ணாயிருத்தல் ஆகிய இவற்றையெல்லாம் ஓராண்டு செய்தவனுக்கே வண்டியின் நாடி புலப்படும்.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் கடக்கவேண்டிய தம் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர் எனப் புறநானூற்றில் ஔவையார் குறிக்கின்றார். அதனைச் சேம அச்சு என்பர். வண்டியின் அடியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கிக் கட்டும்போதெல்லாம் அவ்வுமணரை நினைந்து நான் மகிழ்ந்ததுண்டு.

என்னைப் பழக்கிய மூத்த சாரதியை அண்ணா என்றே அழைப்பேன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றி மகாராஷ்டிரத்திற்குச் செல்வோம். மீளுங்கால் நாசிக் வெங்காயத்தோடு வருவோம். அவ்வழியில் தருமபுரியைத் தாண்டிச் சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயைத் தமிழ்நாட்டுச் சாரதிகளுள் அறியாதார் இலர். விபத்துகளாற் பெயர்பெற்ற இறக்கம் அது. டீசலை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சிலர் அங்கே கியரை நீக்கி நியூட்ரலில் வண்டியை ஓடவிடுவர். முதன்முறை அவ்விடத்தை அடைந்தபோது அண்ணா வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ‘தம்பி, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்கவேண்டும். ஓட்டத் தெரிந்தவன் ஆயிரம் பேர். நிறுத்தத் தெரிந்தவனே டிரைவர்’ என்றார்.

வகுப்பிற் கற்ற சாஸ்திரம் அன்றுதான் எனக்கு உயிர்பெற்றது. பத்துச் சக்கர லாரி, பாரத்தோடு சேர்ந்து 25 டன் எடையிருக்கலாம் என்பது அக்காலத்து விதி. அத்துணை எடை மேட்டிலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, வேகமாகவோ வெப்பமாகவோ மாறியே தீரும். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வெப்பம் முழுதும் டிரம்மிற் சேரும். லைனிங் கொதித்துப் பிடிப்பை இழக்கும். பின்பு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. தாழ்ந்த கியரில் இறங்கினாலோ, என்ஜினே அச்சக்தியிற் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். மிச்சமாகும் என்று எண்ணுவது சிறிது டீசல். பணயமாக வைப்பதோ முன்னே செல்லும் யாரோ ஒருவர் குடும்பத்தின் உயிர்.

2018-இல் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அரசாங்கம் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடையளவை 28.5 டன்னாக உயர்த்திற்று. அளவு உயர்ந்தால் ஆசை அடங்கும் என்று எண்ணினேன்; அஃது அடங்கவில்லை. மறு ஆண்டில் ஒருநாள், நான் வேலை பார்த்த இடத்தில் அளவுக்கு மேல் ஆறு டன் ஏற்றிப் போகுமாறு பணிக்கப்பட்டேன். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி மிகைப்பாரத்திற்கு அபராதம் ரூ. 20,000, அதன்மேல் மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. ‘அபராதத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றனர். அபராதத்தை அவர்கள் கட்டலாம். தொப்பூரில் பிரேக்கை மிதிக்கவேண்டியவன் நானல்லனோ? மயிற்பீலியே ஆயினும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலிற் சொன்னது, அரசரை நோக்கி மட்டும் அன்று என அப்போது உணர்ந்தேன். மறுத்தேன். சாவியை வாங்கிக்கொண்டனர். மூன்று வாரம் வேலையின்றி வீட்டிலிருந்தேன். அம்மாதத்து வட்டிக்குத் தாயாரின் வளையல் அடகு போயிற்று.

நடந்ததைத் தாயார் வாயிலாகக் கேட்ட தந்தையார், அன்றிரவு தாமே என்னருகில் வந்தமர்ந்தார். மங்கிய கண்களோடு என் கையைத் தடவிப் பார்த்து, ‘தழும்பு ஏறிவிட்டதே’ என்றார். இரண்டாண்டுக்குப் பின் அவர் என்னோடு பேசிய முதற்சொல் அது. பின்பு விடியுமளவும், எந்தப் பாதையில் எந்த வளைவு பொல்லாதது, எவ்வூரில் நிறுத்தி உறங்கலாம் என்று முப்பதாண்டு அனுபவத்தையும் எனக்கு ஓதினார். அடுத்த மாதம் வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கின்றேன், கடன் தீர்ந்தது, தங்கை ஆசிரியையாகிவிட்டாள்.

இன்னும் ஒன்று சொல்லல் வேண்டும். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும், வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரமுமே வேலை என்றும், ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது என்றும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நெடுவழியில் அச்சட்டத்தைக் காண்பது அரிது. ‘நாளை காலைக்குள் சரக்குச் சேரவேண்டும்’ என்ற ஒரு வார்த்தையின் முன் அது ஒதுங்கி நின்றுவிடுகிறது. பின்னிரவு இரண்டு மணிமுதல் ஐந்து மணிவரை உறக்கம் மனிதனை வெல்லும் வேளை. தேநீரும் வெற்றிலையும் அதனைச் சற்றே ஒத்திப்போடும், ஓட்டமாட்டா. அவ்வேளையில் வண்டியை ஓரங்கட்டி உறங்குபவன் சோம்பேறி அல்லன். தன் தொழிலை அறிந்தவன்.

‘படித்துப் பட்டம் பெற்றும் லாரிதானா?’ என்று என்னைக் கேட்போர் பலர். என் கல்வி வீணாயிற்று என்று நான் கருதவில்லை. ஏன் கூடாது என்று காரணம் அறிந்து ‘கூடாது’ என்று சொல்லும் ஆற்றலையன்றோ கல்வி தருகிறது? அவ்வாற்றல் மேசைக்கு முன் அமர்ந்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று. ஆகவே, இத்தொழிலை நாடும் இளைஞர்க்கு நான் சொல்லுவன மூன்று: கிளீனர் வேலையை இழிவென்று தள்ளாதீர், பாரத்தை எடைச்சீட்டிற் பாராமல் வண்டியை எடாதீர், உறக்கத்தோடு போட்டியிடாதீர். இத்தொழிலை நாடாத ஏனையோர்க்குச் சொல்லுவது ஒன்றே. நெடுஞ்சாலையில் ஒரு லாரி தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கக் கண்டால், ஹாரன் அடித்து அச்சாரதியை விரட்டாதீர். அவன் உங்களுக்காகவும் சேர்த்தே மெல்லச் செல்கின்றான்.