வெட்டி எறிவதற்கு முன்

மனித உடலிலே பயனற்றது எனப் பெயர் வாங்கிய உறுப்புகளுள் முதலிடம் குடல்வளரிக்கே உரியது. பெருங்குடலின் தொடக்கத்தில் விரலளவு தொங்கும் அச்சிறு குழாயை, முன்னோரிடமிருந்து எஞ்சிய மிச்சமென 1871 ஆம் ஆண்டிலே சாள்ஸ் டார்வின் கருதினார். எங்கள் தோட்டத்து மக்கள் அதனை ‘அப்பெண்டிஸ்’ என்பர். வலி வரும்வரை அப்படியொன்று வயிற்றில் இருப்பதை எவரும் எண்ணுவதில்லை. இருப்பதால் நன்மையில்லை, வீங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வேறொரு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது அதனையும் சேர்த்து அகற்றிவிட்டால் என்ன? இவ்வினா சத்திரசிகிச்சை நிபுணரிடையே நெடுங்காலமாக உள்ளது. ஈரல் மாற்றுச் சிகிச்சை பெறுவோர் விடயத்தில் அது மேலும் கூர்மையடைகின்றது.

இதுபற்றிக் கலைப்பீட மாணவர் ஒருவர் எழுதுவதேன் எனக் கேட்கலாம். வினாவின் ஒரு பாதி மருத்துவஞ் சார்ந்தது. அதனை அறிந்தோரிடங் கேட்டும் படித்துமே கூறுகின்றேன். மறுபாதியோ, நோயாளி குணமடைந்து எந்த ஊருக்குத் திரும்புகின்றார் என்பது. தெரணியகலைக்கு மேலேயுள்ள மலைத்தோட்டமொன்றிற் பிறந்த எனக்கு அதுபற்றிச் சொல்ல உரிமையுண்டு.

1963 இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலே தோமஸ் ஸ்டார்சில் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றினார், அந்நோயாளி பிழைக்கவில்லை. 1967 இலேயே அவரது முயற்சி பலித்தது. 1998 நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத குழந்தையொன்று, தில்லி அப்பல்லோ வைத்தியசாலையிலே தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பெற்று உயிர் தப்பியது. நம் நாட்டிலும் ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் இச்சிகிச்சை நடைபெற்றுள்ளது.

ஆயின், பிறரது ஈரலை உடல் ஏற்றுக்கொள்ள வேண்டுமெனில், அந்நியமானதை எதிர்க்கும் அதன் இயல்பான ஆற்றலை மருந்துகளால் அடக்கிவைத்தல் வேண்டும். தக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஸ்டெரொயிட் ஆகியன இதற்காகவே வழங்கப்படுகின்றன. இங்கேதான் சிக்கல் எழுகின்றது. குடல்வளரி அழற்சியை நாம் அறிவது கொப்பூழைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலியாலும், காய்ச்சலாலும், இரத்தத்தில் வெண்குழியங்கள் பெருகுவதாலுமாகும். இவையெல்லாம் உடல் போராடுவதன் அடையாளங்கள். போராட்டமே அடக்கப்பட்ட உடலில் அடையாளங்களும் மங்கிவிடும். வலி வந்தாலும் புதிய ஈரலின் கோளாறோ, பித்தக் கசிவோ எனச் சந்தேகம் வேறெங்கோ செல்லும். அதற்குள் குடல்வளரி வெடித்து, வயிறெங்கும் கிருமி பரவலாம். ஆகவே முன்கூட்டியே அகற்றுவது நன்றென்போர் கூற்றிலும் நியாயமுண்டு.

மறுதரப்பு நியாயம் அதனினும் வலியது. ஈரல் மாற்றுதல் பல மணிநேரம் நீளும் சிகிச்சை. பழுதுற்ற ஈரலுடையோருக்கு இரத்தம் எளிதில் உறைவதில்லை. கிருமி நிறைந்த குடலைத் தேவையின்றி வெட்டித் திறப்பது, கிருமியை எதிர்க்க மாட்டாத உடலுக்குள்ளே அதனை வலிந்து அழைப்பதாகும். இவ்வழற்சி வாழ்நாளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரையே தாக்குகின்றது. அதுவும் பெரும்பாலும் இளவயதில். ஈரல் மாற்றப்பட்டோரிடையே அரிதாகவே காணப்படுகின்றது. மேலும், பயனற்றதென்ற பழிச்சொல்லும் இன்று ஐயத்துக்குரியது. நோய்க்குப்பின் குடலில் நல்ல பக்றீரியாக்கள் மீண்டும் குடியேற இது புகலிடமாகலாமென 2007 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கருத்து வெளியிட்டனர். சிறுநீர்ப்பை செயலிழந்தோருக்குக் குடல்வளரியையே குழாயாக்கிச் சிறுநீரை வெளியேற்றும் முறையை 1980 இல் பிரான்சிய நிபுணர் மித்ரொஃபனொஃப் வெளியிட்டார். வெட்டி எறிந்துவிட்டால் பின்னர் தேடினாலும் கிடையாது. எனவேதான் இச்சிகிச்சையின்போது அதனை வழக்கமாக அகற்றுவதில்லை.

இனி ஊருக்கு வருவோம். 1961 ஏப்ரலில் அந்தாட்டிக்காவிலே சோவியத் வைத்தியர் லியோனிட் ரொகஸொவ் தமது குடல்வளரியைத் தாமே அறுத்து அகற்றினார். அப்பனிவெளியில் வேறு வைத்தியர் இல்லை. அங்கே குளிர்காலத்தைக் கழிக்கச் செல்லும் தன் வைத்தியர்கள் குடல்வளரியை முன்னரே அகற்றியிருக்க வேண்டுமென அவுஸ்திரேலியா விதித்துள்ளது. வைத்தியசாலை எட்டாத இடத்துக்குப் போகிறவரது உடலிலிருந்து ஆபத்தை முன்பே எடுத்துவிடுதல் அதன் தத்துவம்.

எங்கள் அயல் லயத்துச் சிறுவன் ஒருவனுக்கு வயிறு வலித்தபோது பூச்சிக்கடியென்று இரண்டு இரவு எண்ணெய் தடவினார்கள். மூன்றாம் நாள் அடைமழையிற் கம்பளியிற் கிடத்தித் தூக்கி வந்து, தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். வெடித்த பின்பே சத்திரசிகிச்சை. பல நாள் கிடந்து பிழைத்தான். அவன் ஈரல் மாற்றப்பட்டவனாக இருந்திருப்பின் அவ்வலியும் அத்துணை தெளிவாகத் தோன்றியிராது. அங்ஙனமாயின், எங்கள் மலைக்குத் திரும்பும் நோயாளிக்கும் அந்தாட்டிக்காவின் விதியே பொருந்துமா?

பொருந்தாது என்பதே என் துணிபு. அந்தாட்டிக்கா இயற்கையாலே தொலைவானது. அங்கு செல்வோர் விரும்பிச் செல்வோர். சீதாவாக்கை ஆற்றின் மேலுள்ள எங்கள் லயங்களோ மனிதராலே தொலைவாக்கப்பட்டவை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. நாட்டின் ஏனைய மக்களுக்கு ஒரு வழி, எங்களுக்கு வேறொரு வழியென்ற நிலையின் தடம் இன்னும் முற்றாக மறையவில்லை. 2016 இல் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகின்றது. லயத்துக்கு ஏறும் கல்வீதியும் மழைக்கால மண்சரிவுமே அதனைத் தடுக்கின்றன. ஆயினும் கொழுந்து லொறி அவ்வீதியில் நாள்தோறும் நேரந்தவறாது இறங்குகின்றது. கொழுந்துக்கு எட்டும் தூரம் நோயாளிக்கு எட்டாதிருப்பது இயற்கையின் குற்றமன்று.

ஈரல் மாற்றப்பட்டவர் வீடு திரும்பும்போது அவர் உண்ணும் மருந்துகளும் அவற்றின் ஆபத்தும் தமிழிலே எழுதிய கடிதமொன்று கையில் இருக்கட்டும். தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அது தெரிந்திருக்கட்டும். சிறு வயிற்றுவலிக்கும் உடனே ஏறிச்செல்ல வாகனம் கிடைக்கட்டும். உடலை வெட்டித் தூரத்துக்குப் பொருத்துவது எளிது. தூரத்தைக் குறைத்து உடலுக்குப் பொருத்துவது கடினம். கடினமான அதுவே நீதியானது.