நேர்ந்து விட்ட மீன்கள்

போன இதழ் கேள்வி–பதில் பகுதியில் ஒரு வாசகர், ‘எங்கள் ஊர்க் கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தி பெருகிவிட்டது, நாட்டு மீனையெல்லாம் தின்கிறது, ஒழிக்க என்ன மருந்து போடலாம்?’ என்று கேட்டிருந்தார். மருந்து எதுவும் போடாதீர்கள் என்று பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். ஆனால் அந்த மீன் அவருடைய கண்மாய்க்கு எப்படி வந்தது என்பதை அவரும் சொல்லவில்லை. எங்கள் கண்மாய்க்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். நான்தான் கொண்டுபோய் விட்டேன். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, கும்பிட்டு விட்டேன்.

எனக்குச் சிவகங்கை மாவட்டம். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டே முக்கால் ஏக்கர் நெல், வீட்டில் இரண்டு கறவை மாடு. ஒரே மகள். 2014-இல் கட்டிக் கொடுத்தோம். ஐந்து வருடத்தில் மூன்று முறை கரு கலைந்தது. மூன்றாவது தடவை அவளை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டிக்கொண்டு வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், ஊர் வந்து சேரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தி வீட்டில் நல்லவர்கள்தான். இருந்தாலும் விசேஷ வீடுகளில் நாலு பேர் கேட்கிற கேள்விக்கு அவர்களால் என்ன செய்ய முடியும்?

டாக்டரிடமும் காட்டினோம், கோயிலுக்கும் போனோம். கடைசியில் ஒரு சோசியர், “உயிர் தங்கணும்னா உயிரைத் தங்க விடணும் தம்பி. கறிக்குப் போற மீனை உசிரோட வாங்கி, தை அமாவாசை அன்னிக்கு ஒத்தைப்படையில தண்ணியில விடுங்க” என்றார். என் மனைவிக்கு அந்தப் பேச்சு அப்படியே மனதில் இறங்கிவிட்டது. எனக்கும்தான். அதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று இப்போது சொன்னால் பொய்.

2020 தை அமாவாசைக்கு முதல் நாள் டவுனுக்குப் போனேன். ரோட்டோரம் நீலநிற பிளாஸ்டிக் டிரம்மில் மீன் நெளிந்துகொண்டிருந்தது. டிரம்மில் தண்ணீரைவிட மீன்தான் அதிகம். விற்ற பையன், “குழம்புக்கா, விடுறதுக்கா அண்ணே?” என்று கேட்டான். எனக்கு ஆச்சரியம். “அமாவாசைன்னா விடுறதுக்குன்னே வருவாங்க அண்ணே. அதுக்காகத்தான் நேத்தே ஒரு டிரம் கூடுதலா எறக்குனேன். விடுறதுக்குன்னா சின்னதா எடுத்துக்கங்க, நல்லாப் பொழைக்கும்” என்றான். கெண்டை, கட்லா எல்லாம் பக்கத்தில் ஐஸில் செத்துக் கிடந்தன. விரால் உயிரோடு இருந்தது, ஆனால் விலை மூன்று மடங்கு. டிரம் மீனில் பதினொன்று வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண்தான் இருக்கும்.

அந்தப் பையன் சொன்னதில் எல்லாமே இருந்தது. எனக்குத்தான் அன்று காதில் ஏறவில்லை. கறிக்குப் போகிற மீனை நான் மீட்கவில்லை. நான் வருவேன் என்று தெரிந்து எனக்காகவே ஒரு டிரம் வந்திருக்கிறது. நான் பதினொன்று விட்டால் அடுத்த அமாவாசைக்கு இன்னொரு பதினொன்று எங்கோ ஒரு குட்டையில் கோழிக்கழிவைத் தின்று வளரும்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. கெண்டையைப் பிடித்து வெளியே போட்டால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். அயிரையைச் சந்தை வரைக்கும் உயிரோடு கொண்டுவந்து, விலை சொல்லி நாள் முழுக்க வைத்திருப்பது லேசில் ஆகிற காரியமா? டிரம்மில் தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தாலும் சாகாத மீன் எதுவோ, அதுதான் உயிரோடு மலிவாகக் கிடைக்கும். அப்படியானால் நேர்த்திக்கடன் என்று வாங்கி விடுகிற நாம், எதற்கும் சாகாத ஒன்றைத்தான் தேடித் தேடி நம்முடைய நீர்நிலையில் கொண்டுபோய் விடுகிறோம்.

விட்டது காலை ஆறு மணிக்கு. மடைப் படிக்கட்டில் நின்று ஒவ்வொன்றாக விட்டோம். மனைவி ஒவ்வொரு மீனுக்கும் மகள் பேரைச் சொன்னாள். கடைசி மீன் கொஞ்ச நேரம் படியோரமே நின்றது. “போகமாட்டேங்குது பாருங்க” என்று அழுதாள். பிறகு வாலை அடித்துக்கொண்டு போனது.

அடுத்த வருடம் மாசியில் பேத்தி பிறந்தாள்.

இதை நான் மறைத்துவிட்டு மீனைப் பற்றி மட்டும் எழுதினால் நியாயமாகாது. டாக்டர் கொடுத்த ஊசியும் மாத்திரையும் பத்து மாத ஓய்வும்தான் காரணம் என்று மாப்பிள்ளை சொல்வார். என் மனைவியிடம் யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அவளுக்கு அந்தப் பதினொரு மீனும் பேத்தியும் ஒரே கணக்கு.

எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினதும், சுற்றுவட்டாரமே ஊத்தாவோடும் வலையோடும் சேற்றில் இறங்கும். ஊத்தா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடியில்லாத கூடை. சேற்றில் குத்தி அமுக்கிவிட்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் தடவி எடுக்க வேண்டும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை பொய்க்காது என்பார்கள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை. 2022 வைகாசியில்தான் மறுபடியும் துண்டு வீசினார்கள்.

முன்பெல்லாம் ஒரு ஆள் இறங்கி ஏறினால் சாக்கில் கெண்டை, குரவை, விரால், நாட்டுக் கெளுத்தி, உளுவை என்று கலந்து கிடக்கும். பெண்கள் சேலைத் தலைப்பை விரித்தே அயிரை அள்ளுவார்கள். அன்று எல்லார் ஊத்தாவிலும் ஒரே மீன். கருஞ்சாம்பல் உடம்பில் திட்டுத் திட்டாக, தலை மண்வெட்டி போல அகன்று, முதுகில் தலைப்பக்கத்தில் இருந்து வால்வரை ஒரே துடுப்பு. சில மீன்கள் மூன்று கிலோவுக்குக் குறையாது. எழுபது வயதுப் பெரியப்பா ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “இது எந்த ஊரு மீனுப்பா? நம்ம கண்மாயில இத நான் பாத்ததே இல்லயே” என்றார். நான் வாய் திறக்கவில்லை. அயிரை ஒரு கைப்பிடி கூட யாருக்கும் கிடைக்கவில்லை.

மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பார்த்ததும் சொல்லிவிட்டார், ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று. சில ஊர்களில் ஆப்பிரிக்கத் தேளி என்பார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இதை வளர்க்கத் தடை போட்டுவிட்டது. ஆனாலும் கள்ளத்தனமாக வளர்க்கிறார்கள். செவுளோடு சேர்ந்து காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு இதற்கு உண்டு. அதனால் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும். மழை ராத்திரியில் தரையில் ஊர்ந்தே பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும். மீன் குஞ்சு, முட்டை, தவளை, பூச்சி, அழுகல், எது கிடைத்தாலும் தின்னும். புதுத்தண்ணீர் வந்ததும் கரையோரப் புல்லில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். “கலுங்கு தாண்டினால் கீழே இருக்கிற கண்மாய்க்கும் போயிருக்குமே சார்?” என்றேன். “போகாமல் இருக்குமா?” என்றார். எங்கள் கண்மாய்க்குக் கீழே சங்கிலியாக நாலு கண்மாய் இருக்கிறது.

என்னுடைய பதினொன்றால் மட்டும்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. வேறு யாராவதும் விட்டிருக்கலாம். ஜிலேபிக் கெண்டை வந்ததில் இருந்தே நாட்டுக் கெண்டை குறைந்துதான் வந்தது. வயலில் நாம் அடிக்கிற மருந்தும் வடிகாலோடு கண்மாய்க்குத்தான் போகிறது. ஆனால் பங்கு பிரித்தால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. மச்சினன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே விசாக தினத்தை ஒட்டி பௌத்தர்கள் மீன், ஆமை, குருவி வாங்கி விடுகிற வழக்கம் உண்டாம். அந்தச் சமயத்தில் அரசாங்கமே நீர்த்தேக்கங்களில் ஆள் நிறுத்தி, விடாதீர்கள் என்று சொல்கிறது என்றான். குருவி, கிளி கதை இன்னும் மோசம். நாம் புண்ணியத்துக்குக் காசு கொடுத்துக் கூண்டைத் திறப்பதற்காகவே கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள். கிளி விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறகு வெட்டின கிளியைத் திறந்து விட்டால் அது எவ்வளவு தூரம் போகும்? பூனைக்கு விட்ட மாதிரிதான்.

பேத்திக்குக் காதுகுத்து வைத்தபோது பிரச்னை வீட்டுக்குள் வந்தது. “மூணு வயசு முடியுது, இருபத்தொண்ணு விடணும், நான் வேண்டியிருக்கேன்” என்றாள் மனைவி. நான் அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னேன். அயிரை போனதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப நாம செஞ்சது பாவம்னு சொல்றீங்களா? அந்தப் பாவத்துலயா இவ பொறந்தா?” என்று கேட்டாள். பேத்தி திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மீன் விடவில்லை, ஆனால் இரண்டு வாரம் அவள் சரியாகப் பேசவும் இல்லை.

2024 கோடையில் மறுபடியும் கண்மாய் அழித்தார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். “இவரு விட்ட மீனுக்கு நாம ஊத்தா குத்தணுமா?” என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கடைசியில், இந்த மீன் எவ்வளவு சின்னதாகக் கிடைத்தாலும் திரும்பத் தண்ணீரில் போடுவதில்லை, நாட்டு மீன் குஞ்சு கிடைத்தால் எடுப்பதில்லை என்று முடிவானது.

என் ஊத்தாவில் நாலாவதாக ஒன்று மாட்டியது. பெரிய மீன். நாங்கள் விட்ட பதினொன்றில் ஒன்றாகவும் இருக்கலாம், அதன் குட்டியாகவும் இருக்கலாம். மகள் பேரைச் சொல்லி விட்ட உயிர். கரையில் போட்டு மண்டையில் அடித்தேன். ஒரே அடியில் சாகவில்லை. அன்று பிடித்த பத்துப் பன்னிரண்டையும் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். மனைவி அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் அவளை வீட்டில் காணோம். தேடிப் போனால், மடைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் சுண்டிக்கொண்டிருந்த தண்ணீரில் கெண்டையும் குரவையும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சல்லடையால் கோரி குடத்தில் போட்டு, கரை தாண்டி வற்றாத ஊருணியில் கொண்டுபோய் விட்டாள். எண்ணிக்கொண்டே விட்டாள். நான் இன்னொரு குடம் எடுத்தேன். இருபத்தொன்றைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணவில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். சொந்தக் குட்டையில் வேண்டாத மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அது நல்ல மீன், கெட்ட மீன் பார்க்காது. மாடு தண்ணீர் குடிக்கிற ஊர்க் கண்மாயில் அதைப் போடவே போடாதீர்கள். பூச்சிமருந்து பற்றி யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் அடியோடு வற்றுகிற வருடம்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், ஈரமான பள்ளத்தையெல்லாம் ஊத்தா குத்திப் பார்க்க வேண்டும். மடையிலும் கலுங்கிலும் சின்னக் கண் வலை கட்டுங்கள். கண்மாய் மறுபடி நிறைந்த பிறகு மீன்வளத் துறையில் கேட்டு விரலளவுக் குஞ்சு வாங்கி விடலாம். முக்கியமாக, அமாவாசைக்கு டிரம் இறக்குகிற இடம் உங்கள் டவுனிலும் எங்கே இருக்கிறது என்று ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

போன மாரியில் கண்மாய் முக்கால் நிறைந்தது. கரையோரம் அயிரை தெரிவதாகப் பெரியப்பா சொல்கிறார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. இந்தக் கோடையில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.