கேள்வி கேட்கிற பேய்

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு டிராகுலாவோடு பொழுது போக்க நேரம் கிடைக்கும். துப்பாக்கியும் வாளுமாக ரத்தக் காட்டேரிகளைத் துரத்திக் கொல்லும் வீடியோ கேம்களில் எனக்கு நாட்டமில்லை. விரலுக்கு அந்த வேகம் வராது என்பது சின்னக் காரணம். கொன்று முடித்த பிறகு அசைபோட ஒன்றும் மிஞ்சாது என்பது பெரிய காரணம். நான் தேடிப் போவது புதிர் விளையாட்டுகளை. பாழடைந்த கோட்டை, பூட்டிய கதவு, மேசைமேல் பாதியில் நின்ற கடிதம், மூலையில் ஓடாத கடிகாரம். எதை எடுத்து எதோடு சேர்த்தால் கதவு திறக்கும்? அவசரமே இல்லை. எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தும் யோசிக்கலாம். சவப்பெட்டிக்குள் இருப்பவர் அதுவரை பொறுத்திருப்பார்.

இந்த விளையாட்டுகளுக்குக் காட்டேரி ஏன் இவ்வளவு பொருந்துகிறது? பேய்களிலேயே அதற்குத்தான் சட்டதிட்டம் அதிகம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலில், வீட்டார் ஒருவர் அழைக்காமல் டிராகுலா பிரபு முதல்முறை உள்ளே கால் வைக்க முடியாது. கண்ணாடியில் உருவம் விழாது. பூண்டு ஆகாது. ஓடுகிற நீரை நினைத்த நேரத்தில் கடக்க முடியாது. சூரிய ஒளி பட்டால் அழிந்துவிடும் என்பது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படம் சேர்த்த விதி. இத்தனை கட்டுப்பாடுகள் ஒரு பேய்க்கு இருந்தால் புதிர் போடுகிறவருக்குக் கொண்டாட்டம்தான். 2008இல் வந்த ‘எ வாம்பயர் ஸ்டோரி’ என்ற விளையாட்டில் விதிகளெல்லாம் நம் தலையில் விழும். அதில் நாமே காட்டேரி: மோனா என்ற இசைநாடகப் பாடகி. தான் ரத்தம் குடிக்கிற பிறவியாகிவிட்டதை அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். வௌவாலாக மாறிப் பறப்பாள், ஆனால் கேட்டால் அது வேறு விஷயம் என்பாள். சிரித்துக்கொண்டே விளையாட முடிந்த பேய்க்கதை அது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ருசியை முதலில் காட்டியது கம்ப்யூட்டர் அல்ல, அம்புலிமாமா. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளுடன் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் யாருக்குத்தான் மறக்கும்? பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். ராஜா திரும்பப் போய் மரத்தில் ஏறி இறக்கிக்கொண்டு வர வேண்டும். தோற்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லும் இன்றைய விளையாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்தை வாம்பயர் என்றே தலைப்பில் போட்டார்.

ஆனால் காஞ்சிக்காரனாக நான் பெருமைப்படுவது வேறொருவரை நினைத்து. பல்லவர் காலத்தில் இங்கே வாழ்ந்த வடமொழிக் கவிஞர் தண்டி. ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய காலத்தை ஒட்டி இருந்தவர். கருவறையைச் சுற்றி வரக் குனிந்து, தவழ்ந்து நுழைந்து வெளியேற வேண்டிய அந்தக் குறுகிய வழியில் போகும்போதெல்லாம், இந்த ஊருக்குப் புதிர் பழைய சொத்து என்று எனக்குத் தோன்றும். தண்டியின் ‘காவியாதர்சம்’ என்ற அணியிலக்கண நூல்தான் தமிழில் தண்டியலங்காரத்துக்கு மூலம். அதன் மூன்றாம் பகுதியில் அவர் விடுகதைகளைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறார். அவை எதற்குப் பயன்படும் என்பதையும் சொல்லிவிடுகிறார்: நண்பர்கள் கூடும் சபையில் பொழுதுபோக, கூட்டத்தின் நடுவே ரகசியம் பேச, எதிராளியைக் குழப்ப. வீடியோ கேம் செய்கிற எவரும் இதற்குமேல் ஒரு காரணம் சொல்லிவிட முடியாது.

அவர் காட்டும் புதிர்களில் ஒன்றுக்கு விடையே எங்கள் ஊர். நடுவில் மூக்கொலியும் சுற்றிலும் நான்கு வர்ணமும் உள்ள நகரம் எது, அதை ஆளும் எட்டு வர்ணப் பெயர்க்காரர்கள் யார் என்பது கேள்வி. வர்ணம் என்றதும் சாதி என்று நினைத்து அலைவோம். அவர் சொன்னது எழுத்தொலியை. வடமொழியில் ‘காஞ்சீ’ என்பதைப் பிரித்தால் க், ஆ, ஞ், ச், ஈ. நடுவில் ஞ், இருபுறமும் இரண்டிரண்டு. ‘பல்லவாஃ’ என்பதைப் பிரித்தால் சரியாக எட்டு. விடை கிடைத்ததும் ‘அட, கண்முன்னாலேயே இருந்ததே’ என்று தோன்ற வேண்டும். நல்ல புதிருக்கு அதுதான் அடையாளம்.

தண்டியின் ‘தசகுமார சரித’த்தில் ஒரு பிரம்மராட்சசன் வருகிறான். மித்திரகுப்தன் என்ற இளைஞன் அவனிடம் மாட்டிக்கொள்கிறான். நான்கு கேள்விகள், பதில் சொல்லாவிட்டால் தின்றுவிடுவேன் என்கிறான் ராட்சசன். எது கொடியது, இல்லறத்தானுக்கு நன்மை எது, காமம் எது, அரிய செயலைச் சாதிப்பது எது? இளைஞன் சுருக்கமாகப் பதில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சான்றாக ஒரு கதையும் சொல்கிறான். கொடியது பெண்ணின் மனம் என்பது முதல் பதில். என்னைக் கேட்டால் அதற்கு மதிப்பெண் தரமாட்டேன், ராட்சசன் தந்துவிட்டான். புதிருக்கு விடை சொல்கிறவன் கேட்கிறவனுடைய காலத்துக்கும் மனத்துக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் கேள்விக்கான கதை காஞ்சியில் தொடங்குகிறது. இங்குள்ள செல்வர் மகன் சக்திகுமாரன், ஒரு படி நெல்லை முந்தியில் முடிந்துகொண்டு, குறி சொல்கிறவன் வேடத்தில் பெண் தேடிப் புறப்படுகிறான். இந்த நெல்லை மட்டும் வைத்து எனக்கு முழுச் சாப்பாடு போட முடியுமா என்று போகிற இடமெல்லாம் கேட்கிறான். எல்லாரும் சிரித்து விரட்டுகிறார்கள். காவிரித் தென்கரையில் வறுமைப்பட்ட குடும்பத்துப் பெண் கோமினி மட்டும் சரி என்கிறாள். நெல்லை வெயிலில் உலர்த்தி, உமி நொறுங்காமல் மெல்லத் தேய்த்துப் பிரிக்கிறாள். நகைக்கு மெருகு போடத் தட்டார்களுக்கு உமி வேண்டும். அதை விற்றுவரச் செவிலியை அனுப்புகிறாள். வந்த காசில் விறகும் பானையும். அரிசி வெந்ததும், எரிந்த விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி, அதையும் விற்கச் சொல்கிறாள். அந்தக் காசில் காய்கறி, நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி. வந்தவன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாழையிலையில் கஞ்சி முதல் மோர் வரை சாப்பிட்டு எழும்போது, சோறு மிச்சமிருக்கிறது.

இதைவிட அழகான புதிரை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. கையில் இருப்பது ஒரே பொருள். வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை, எதுவும் வீணாவதில்லை, ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் திறக்கிறது. (கதை முடிவில் வரும் பதிவிரதை உபதேசத்தை நான் தாண்டிப் போய்விடுவேன்.)

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 1999இல் ஜேன் ஜென்சன் உருவாக்கிய ‘கேப்ரியல் நைட் 3’ காட்டேரிப் புதிர் விளையாட்டுகளில் பெயர் பெற்றது. பிரான்சின் ஒரு மலைக்கிராமத்தில் குழந்தையைக் கடத்திய ரத்தக் காட்டேரிகளைத் தேடிப் போக வேண்டும். அதில் நண்பனின் பெயரில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க மாறுவேடம் போட வேண்டியிருக்கும். கதவு ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அதன் வழியே விரட்டி, ஒட்டிக்கொண்ட ரோமத்தைச் சர்க்கரைப் பாகால் மூக்கின்கீழ் ஒட்டி மீசையாக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! அவனுடைய பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் ஒரு மீசையும் வரைய வேண்டும். உலகம் முழுக்க விளையாடியவர்கள் திட்டித் தீர்த்த புதிர் இது. அதே விளையாட்டில் பழைய கவிதை ஒன்றை வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் பகுதி அருமையாக இருக்கும். கோமினியின் உமியில் உலக நியாயம் இருக்கிறது. பூனை மீசையில் செய்தவரின் பிடிவாதம் மட்டும்தான்.

புதிரின் இருண்ட பக்கத்துக்கு அரக்கோணம் தாண்டித் திருவாலங்காட்டுப் பக்கம் போக வேண்டும். பழையனூர் நீலி என்ற பேய், முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க அவனுடைய மனைவி உருவில் வருகிறாள். இடுப்பில் இருக்கும் மாயக் குழந்தை, இப்பிறவியில் வணிகனான அவனை அப்பா என்று அழைக்கிறது. அவனைக் காப்பது கையிலிருக்கும் மந்திரக் கத்தி. ஊர்ப்பெரியவர்கள் எழுபது பேர் வழக்கை விசாரித்து, கண்ணீரையும் குழந்தையையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, கத்தியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். எழுபது பேரும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். தடயங்கள் எல்லாம் ஒரே பக்கம் காட்டும்போது, அவற்றை வைத்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும். நீலி யாரிடமும் புதிர் போடவில்லை, அழுதாள், அவ்வளவுதான். அந்தக் கதையில் எனக்கு வரும் நடுக்கம் எந்தக் கோட்டையிலும் வருவதில்லை.

கேள்வி கேட்கிற பேய் அப்படிச் செய்வதில்லை. வேதாளம் கடைசிக் கதையில் ஒரு சிக்கலான உறவுமுறையைக் கேட்கிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை, மௌனமாக நடக்கிறார். அதில் மகிழ்ந்த வேதாளம், பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசி உன்னைப் பலியிடப் போகிறான் என்று எச்சரித்து, தப்பும் வழியையும் சொல்கிறது. சபையில் தினமும் பழம் கொடுத்து வணங்கிய அந்தச் சந்நியாசி ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. தண்டியின் ராட்சசனும் அப்படித்தான். பதில்களில் திருப்தியடைந்தவன், வானத்தில் வேறொரு ராட்சசன் ஒரு பெண்ணைத் தூக்கிப் போவதைக் கண்டு பாய்ந்து மோதுகிறான். மீட்கப்பட்டவள் மித்திரகுப்தனின் காதலி.

மேல்நாட்டு விளையாட்டுகளில் எத்தனை புதிரை அவிழ்த்தாலும் முடிவில் காட்டேரியின் நெஞ்சில் கட்டையை அடித்தாக வேண்டும். அது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது. இத்தனை நேரம் நம்மை மதித்து, யோசிக்க அவகாசம் தந்து, விதி பிசகாமல் ஆடியவருக்கு இதுவா மரியாதை? வட தமிழகத்தில் பல குடும்பங்கள் காட்டேரியைக் குலதெய்வமாக வைத்துப் படையல் போடுகின்றன. விதி தெரிந்த பேயோடு பேசித் தீர்க்கலாம் என்ற அனுபவம் அதில் இருக்கிறது. காஞ்சியை வைத்து யாராவது இப்படி ஒரு விளையாட்டைச் செய்தால், கடைசிக் கட்டத்தில் ராட்சசனைக் கொல்லச் சொல்லாதீர்கள் என்பேன். அவனை நம் பக்கம் சேர்த்துவிடுங்கள். மோத வேண்டிய ஆள், தினமும் பழத்தோடு வருகிறவன்.