எந்தத் தீவுக்குப் போவது?

தவணை விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை எமது ஆசிரியர் அறையில் ஒரு பெரும் விவாதம் நிகழ்ந்தது. இரண்டு நாட் பயணமாகத் தீவொன்றுக்குப் போய்வருவதென்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. எந்தத் தீவுக்கு என்பதே பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் வாழ்வோர்க்கு இதற்காக விமானச் சீட்டு வேண்டியதில்லை. பஸ் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கினாற் போதும்.

காரைநகர் முதலிலேயே தள்ளுபடியாயிற்று. தாம்போதி வழியே பஸ்ஸிற் போகக்கூடிய தீவு ஒரு தீவாகுமா என்று விஞ்ஞான ஆசிரியர் கேட்டார். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகும் எழுவைதீவும் அனலைதீவும், "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்ற ஒரே கேள்வியோடு விழுந்தன. நாம் நயினாதீவுக்காக வாதாடினோம். மணிமேகலை கூறும் மணிபல்லவம் அதுவே என்பார் உளர். கப்பல் தன்னை விட்டுச் சென்றதால், அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பெற்றிருந்தும், உண்பார் ஒருவரும் இல்லாத தீவில் உண்ணாதிருந்து உயிர் நீத்த ஆபுத்திரனின் கதையையும் எடுத்துரைத்தோம். தமிழ் படித்தவர்களின் பேச்சுக்குக் கிடைக்கும் மரியாதையே அதற்கும் கிடைத்தது.

வென்றது நெடுந்தீவு. பவளக்கல் வேலிகள், கட்டற்றுத் திரியும் குதிரைகள், பெருக்கமரம், ஒரு மணி நேரக் கடற்பயணம் என்று ஆளுக்கொரு சிறப்பைச் சொன்னார்கள். சரித்திர ஆசிரியர் ஒல்லாந்தரை அழைத்து வந்தார். அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. வெளியார் இத்தீவுகளைத் தெரிவு செய்வது இன்றும் நின்றுவிடவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் மின்னுற்பத்தி செய்யும் திட்டம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, 2022 மார்ச்சில் இந்தியாவுடனேயே உடன்பாடு கைச்சாத்தாயிற்று. தீவில் இருப்பவன் தனக்கு எது வேண்டுமென்று சொன்னானா என்பது வேறு விடயம்.

இவ்வளவு நேரமும் ஒரு மூலையிற் கொப்பி திருத்திக்கொண்டிருந்த கணித ரீச்சர் தலை நிமிர்ந்தார். எம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நெடுந்தீவில் ஆறு வருடம் படிப்பித்தவர்.

"தம்பி, உமக்கு அங்கை ஒருக்கா மாற்றம் வந்ததெல்லே?"

எல்லோரும் சிரித்தனர். நாமுஞ் சிரித்தோம், சிரிக்காமல் வேறென்ன செய்வது?

வந்தது உண்மைதான். எமக்குத் திருமணமாகி மூன்று மாதம். நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றுக்குத் தமிழ் ஆசிரியராகச் செல்லுமாறு கடிதம் வந்தது. முதுகு நோவென்றும், படகு ஆட்டம் ஆகாதென்றும் ஒரு வைத்தியச் சான்றிதழ் பெற்றோம். முதுகில் எமக்கு அன்றும் நோவில்லை, இன்றும் இல்லை. மாற்றம் இரத்தாயிற்று. அந்த இடத்துக்கு எவர் போனார், எவரேனும் போனாரா என்று நாம் விசாரித்ததில்லை. பல்கலைக்கழகத்தில் மக்கள் இலக்கியம் பற்றி மேடையேறிப் பேசியவர்கள் நாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எமது ஆசிரியர் அறைகளில் 'தீவுக்கு மாற்றம்' என்பது தண்டனையின் மறுபெயர். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் எந்தக் குற்றத்துக்காக அந்தத் தண்டனையை அனுபவிக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ரீச்சர் எம்மைக் குற்றஞ் சொல்லவில்லை. பழைய கதைகளையே சொன்னார். காற்று எழும்பினால் படகு ஓடாது. அப்போது தீவிலுள்ளவர் தீவில், கரையிலுள்ளவர் கரையில். நல்ல தண்ணீர்க் கிணறு சிலவே. வரட்சியில் அந்தப் புகழ்பெற்ற குதிரைகளே தண்ணீரின்றிச் சாகும். விடியற்காலையில் தண்ணீர் சுமந்துவிட்டு வரும் பிள்ளைகள் முதற்பாடத்திற் தூங்கி விழுவார்கள். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் போனவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை, அங்கே கடலைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் சொல்லாமல் விடுவதில்லையாம்.

"திங்கட்கிழமை படகு வந்தால் பிள்ளையள் துறைப்பக்கம் பாத்துக்கொண்டு நிப்பினம், ஆர் புதுசா வருகினம் எண்டு. இரண்டு மூண்டு கிழமை பாப்பினம். பிறகு பாக்காயினம்."

அறையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு விஞ்ஞான ஆசிரியர் மதியச் சாப்பாட்டுச் செலவுக் கணக்கை எடுத்தார். பேச்சு மீண்டும் தொடர்ந்தது. சனிக்கிழமை காலைப் படகு, எட்டுப் பேர். ரீச்சர் வரவில்லை என்றார். ஆனால் மாலையிற் புறப்படும்போது ஒரு பொதியைக் கொணர்ந்து எமது மேசையில் வைத்தார். கடந்த வருடங்களின் வினாத்தாள்கள், தமிழும் கணிதமும். பாடசாலை பூட்டியிருக்கும், அதிபர் வீட்டிற் கொடுத்தாற் போதுமென்றார்.

பொதி கனமானது. அதன்மேல் எழுதியிருந்த பாடசாலைப் பெயரை முன்னொரு நாள் ஒரு கடிதத்தில் நாம் வாசித்திருக்கிறோம்.